தண்ணீரில் நின்ற காருக்கு மறுபடி சாவி போட்டால் என்ஜின் காலி!
மழைக்காலத்தில் வண்டிக்காரர்கள் செய்யும் ஒரு நிமிடத் தவறு

உசிலம்பட்டி,
ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும். மறுநாள் காலை மெக்கானிக் ஷெட் வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும்.

"தண்ணிக்குள்ள போனேன், பொசுக்குன்னு நின்னுடுச்சு" என்பார் கார்க்காரர்.

"மறுபடி சாவி போட்டீங்களா?" என்று மெக்கானிக் கேட்பார்.

செலவு ஆயிரத்திலா, லட்சத்திலா என்பது இதற்குச் சொல்லும் பதிலில் இருக்கிறது!

உள்ளே நடப்பது என்ன?

என்ஜின் மூச்சு விடுவது முன்பக்கக் குழாய் வழியாக. பல கார்களில் அது ஹெட்லைட் உயரத்தில்தான் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் முன்னால் அலை எழும்பும். எதிரே லாரி வந்தால் இன்னொரு அலை. காற்றோடு தண்ணீரையும் என்ஜின் உறிஞ்சிவிடுகிறது.

காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டுகிறது. கனெக்டிங் ராடு வளைகிறது. சில நேரம் ராடு உடைந்து என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். டீசல் வண்டியில் அமுக்கும் விகிதம் அதிகம்; அடியும் பலமாக விழும்.

மெதுவாகப் போய் நின்ற வண்டி பல நேரம் தப்பிவிடும். "ஒரு தடவை போட்டுப் பாப்போமே" என்று சாவியைத் திருப்பும்போதுதான் வினை!

வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே வழி. அவர் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். ஆயில் குச்சியில் பால் டீ நிறம் தெரிந்தால், ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்சூரன்ஸ் தகராறு

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பைசா கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், "தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தது உங்கள் தவறு" என்று கம்பெனிகள் கையை விரிப்பது உண்டு. என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டுமானால் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும்.

2015-லும் 2023-லும் வெள்ளத்தில் கார்களைப் பறிகொடுத்த சென்னைவாசிகள் பாடம் கற்றுவிட்டார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதே மாதம் 25-ந்தேதி மதுரை செல்லூர் வெள்ளக்காடானது.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பூ ஏற்றும் வேன்காரர் கதையோ வேறு. வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்றால் அவர் வீட்டு அடுப்பும் நின்றுபோகும்.

பள்ளத்தில் எமன்

காசோடு போனால் பரவாயில்லை. அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. பல ஊர்களில் பதிலுக்கு வந்தவை சுரங்கப்பாதைகள். மழை பெய்தால் அவற்றில் பல, குளம்!

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி மூழ்கியது. உள்ளே இருந்த பெண் டாக்டர் பரிதாபமாக இறந்தார்.

இருட்டில் ஆழம் தெரியாது. ஆழம் காட்டும் அளவுக்கோடு, தண்ணீர் ஏறியதும் பாதையை மறிக்கத் தடுப்பு, இறைக்க ஒரு மோட்டார் - இவை பெரிய செலவா? மழைக்கு முன்பே அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

அதுவரை, ஆழம் தெரியாத தண்ணீரைக் கண்டால் வண்டியைத் திருப்புங்கள். என்ஜின் போனால் வேறு வாங்கலாம். ஆள் போனால்?