தொடங்கிய ஊசியும் தவறிய நாளும்

இல்லத்திற்குத் தூண் எப்படியோ, உடம்பிற்கு எலும்பு அப்படியாகும். தூணை உள்ளே செல் அரித்தல் அது சாயும் நாள்வரையில் வீட்டார்க்குப் புலப்படுவதில்லை. எலும்பு மெலிந்து உட்புறம் துளைபடும் எலும்புப்புரை என்னும் நோயும் அத்தன்மையதே. அது நோவின்றி வந்து ஓசையின்றி வளரும். மூதாட்டியார் ஒருவர் முற்றத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த அன்றுதான் தன்னை வெளிப்படுத்தும். சிலர்க்கு விழுதலும் வேண்டுவதில்லை. குனிந்து குடத்தைத் தூக்கிய அளவிலே முதுகின் முள்ளெலும்பு நொறுங்குதல் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்டிரை இந்நோய் பற்றும் வகையைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் என்பவர் 1941ஆம் ஆண்டில் தம் துணைவருடன் விளக்கி வெளியிட்டார். அன்று தொட்டு இதற்கு மருந்துகள் பல தோன்றியுள்ளன. அவற்றுள் டெனோசுமாப் என்னும் ஊசி மருந்தைக் குறித்து எமது கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

எலும்பு உயிரற்ற கல்லென்று எண்ணுதல் தவறு. அதனுள்ளே பழைய எலும்பை அகழ்ந்து நீக்கும் அணுக்கள் ஒருசாரும், அக்குழியைப் புதிய எலும்பால் நிரப்பும் அணுக்கள் ஒருசாருமாக இடைவிடாது உழைத்து வருகின்றன. இளமையில் அகழ்தலும் நிரப்புதலும் ஒத்து நடக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறையவே, அகழ்தல் மிகுந்து நிரப்புதல் பின்தங்கும். அகழும் அணுக்களைத் தோற்றுவித்து ஏவும் புரதம் ஒன்று உண்டு. டெனோசுமாப் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு, ஏவல் சென்று சேராதபடி தடுக்கின்றது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை 60 மில்லிகிராம் அளவு தோலின்கீழ் ஏற்றினாற் போதும். 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி வழங்கப்பட்டது.

இம்மருந்தின் பயனை ஐயுறுவதற்கில்லை. 60 முதல் 90 வயதுவரை உள்ள ஏறத்தாழ 7,800 பெண்டிரிடம் மூன்றாண்டு நடத்திய சோதனையின் முடிபு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெற்று ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 7.2 பேர்க்கு முள்ளெலும்பு புதிதாக முறிந்தது. மருந்து பெற்றோருள் அது 2.3 ஆகக் குறைந்தது. இடுப்பெலும்பு முறிவும் 1.2இலிருந்து 0.7 ஆயிற்று. ஆண்டிற்கு இரண்டே ஊசியால் இத்துணைப் பயன் விளையுமாயின், மருத்துவர் இதனை விரும்புவதில் வியப்பென்ன?

நிற்க. இம்மருந்திற்கு வேறொரு குணமும் உண்டு. அலெண்டிரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் முதலிய மருந்துகள் எலும்பினுள்ளே படிந்து, நிறுத்திய பின்னும் சிலகாலம் காவல் புரியும். டெனோசுமாப் அவ்வாறு தங்குவதில்லை. ஆறு திங்கள் கழிந்து அதன் வலி குன்றியதும், அணையில் தேங்கிய வெள்ளம் மதகு திறந்தாற்போல, அகழும் அணுக்கள் ஒருங்கே எழுந்து ஈட்டிய எலும்பைக் கரைத்துவிடும். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றின்படி, ஊசி பெற்றுவந்த காலத்தில் ஓராண்டில் நூற்றுவர்க்கு 1.2 ஆக இருந்த முள்ளெலும்பு முறிவு, நிறுத்தியபின் 7.1 ஆக உயர்ந்தது. வெற்று ஊசியை நிறுத்தியோர்க்கும் ஏறக்குறைய இத்தகைய அளவே காணப்பட்டது என்பது மெய்யே. ஆயினும் டெனோசுமாபை நிறுத்தி முறிவுற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் முறிந்தன. பிரித்தானிய நோயாளர் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஊசி 16 வாரத்திற்குமேல் தாழ்த்தவர்க்கு, காலத்தில் பெற்றவரினும் முள்ளெலும்பு முறிவின் அபாயம் நான்கு மடங்கை ஒட்டியிருந்தது. அவ்வாண்டில் கொள்ளைநோயால் மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டபோது, இவ்வூசியை மட்டும் நெடிது ஒத்திவைத்தல் ஆகாது என்று எலும்பு மருத்துவச் சங்கங்கள் அறிவுறுத்தியதன் காரணம் இதுவே.

இனி, நாள் தவறுதல் யார் குற்றம்? நோயாளியின் அசட்டை என்று கூறிவிடுதல் எளிது, அது நீதியாகாது. ஆறு மாதம் நெடிய காலம். நோவு ஒன்றுமில்லை. அழைத்துச் சென்ற மகன் வேற்றூர்க்கு மாற்றலாகிறான், கைப்பொருள் குறைகின்றது, பல் பிடுங்கவேண்டி ஊசியைச் சற்று நிறுத்துக என்று ஒருவர் சொல்கின்றார். உடம்பு நன்றாயிருக்கையில் ஊசி எதற்கு என்று அம்மூதாட்டியாரும் எண்ணுகின்றார். நிறுத்தினால் நேர்வது இன்னதென்று அவர்க்கு எவரும் உரையாதிருக்க, அவரைக் குறைகூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின், முதல் ஊசி ஏற்றுமுன்னரே மூன்று காரியங்கள் நிகழ வேண்டும் என்பது எமது துணிபு. முதலாவது, இதனை நினைத்தவாறு விட்டுவிடலாகாது என்பதையும், நிறுத்த நேர்ந்தால் மருத்துவர் சொற்படி வேறு மருந்து தொடர வேண்டும் என்பதையும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல். இரண்டாவது, அடுத்த ஊசியின் நாளை எழுதி அவர் கையிலும் இல்லத்தார் ஒருவர் கையிலும் கொடுத்தல். மூன்றாவது, பற்களையும், குருதியிலுள்ள சுண்ணச்சத்தையும், வைட்டமின் டி அளவையும், சிறுநீரகத்தின் நிலையையும் முன்னரே ஆராய்தல். முற்றிய சிறுநீரக நோயுடையார்க்குச் சுண்ணச்சத்து கொடிதாகத் தாழக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் கடுமையான எச்சரிக்கை விடுத்துள்ளது.

இவ்வளவும் சொன்னால் நோயாளி அஞ்சி ஊசியையே மறுத்துவிடுவார் என்பார் உளர். அவ்வச்சம் வீணென்று யாம் கூறோம். ஆயினும் இடுப்பு முறிந்து படுக்கையில் வீழ்தலினும் ஊசி பெரிதன்று என்பதையும் அதே வாயால் எடுத்துரைக்கலாமே. முழுதும் அறிந்து இசைந்தவரே நாளைத் தவறாது வருவார்; அறியாது இசைந்தவர் அயலார் ஒருவர் சொல்லுக்கே மனம் மாறுவார்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால் உங்கள் பாட்டியார் இவ்வூசி பெறுகின்றாரா என்று வினவுங்கள். பெறுகின்றாராயின் அடுத்த நாள் எதுவென்று கேட்டு, நாட்காட்டியில் உங்கள் கையாலேயே குறித்து வையுங்கள். நீங்கள் கற்ற கல்வி அவ்வொரு கோட்டினாலேனும் அவர் முதுகைக் காக்குமாயின், அது சிறிய பயன் ஆகாது.