பூட்டைப் பழுது பார்த்தார்கள், வீடே திறக்கவில்லை!

புதுப்பித்த கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது?

கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு தேடப் போய், கம்ப்யூட்டரே எழுந்திருக்காமல் போனது!

2020-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் இந்த விநோதம் நடந்தது. திருடன் வரவில்லை. வைரஸும் வரவில்லை. திருடன் வந்துவிடக் கூடாதே என்று செய்த காரியம்தான் வினையாக முடிந்தது.

"லினக்ஸ்" என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். பின்லாந்து நாட்டில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ல் இதை எழுதத் தொடங்கினார். விலை கொடுக்காமலே இதை எடுத்துக் கொள்ளலாம். திருத்தவும் செய்யலாம்.

உலகிலேயே அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களும் இன்று லினக்சில்தான் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லாப்டாப் திட்டத்தில், விண்டோசுடன் "பாஸ்" என்ற லினக்சும் கொடுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதற்கு உள்ளேயும் லினக்ஸ்தான் வேலை செய்கிறது.

ஆகவே, இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

நான்கு வாசல்

சுவிட்சைப் போட்டவுடன் கம்ப்யூட்டர் விழித்துவிடுவது போலத் தோன்றும். உண்மையில் அது நான்கு வாசல்களைத் தாண்டி வருகிறது.

முதல் வாசல், எந்திரத்தின் பலகையிலேயே பதிந்திருக்கும் சிறு மென்பொருள். அது "ஷிம்" என்ற இரண்டாவது வாசலைத் திறக்கும். ஷிம், "கிரப்" என்ற மூன்றாவது வாசலைத் திறக்கும். கிரப்தான் "கெர்னல்" என்ற எஜமானனை எழுப்பும். கெர்னல் எழுந்த பிறகுதான் உங்கள் கோப்புகள் எல்லாம் உயிர் பெறும்.

ஒவ்வொரு வாசலிலும் முத்திரை பார்ப்பார்கள். முத்திரை சரியாக இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

மூன்றாவது வாசலில் ஓர் ஓட்டை இருப்பதை "எக்ளிப்சியம்" என்ற அமெரிக்கக் கம்பெனியின் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். கிரப் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு குறிப்பைப் படிக்கிறது. அந்தக் குறிப்புக்கு மட்டும் முத்திரை இல்லை. கம்ப்யூட்டரின் நிர்வாகி அதிகாரத்தைப் பிடித்துவிட்ட ஒரு திருடன், அந்தக் குறிப்பில் அளவுக்கு மீறி எழுதி வைத்தால் போதும். கிரப் தடுமாறிப் போகும். எஜமானன் விழிப்பதற்கு முன்பே திருடன் வீட்டைப் பிடித்துக்கொள்வான்.

2020-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி இந்த ஓட்டை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. "பூட்ஹோல்" என்று பெயர் வைத்தார்கள். லினக்சை வெளியிடும் கம்பெனிகள் உடனே திருத்தங்களை அனுப்பின.

திரை நகரவில்லை

"ரெட் ஹாட்" கம்பெனியின் திருத்தத்தைப் பலர் உடனே போட்டார்கள். எந்திரத்தை நிறுத்தி, மறுபடியும் கிளப்பினார்கள்.

சில எந்திரங்கள் அப்படியே நின்றுவிட்டன. கிரப் காட்டும் பட்டியல் கூட வரவில்லை!

காரணம் என்ன? ஓட்டையை அடைக்க வந்த புதிய ஷிம்மிலேயே ஒரு பிழை இருந்தது. ரெட் ஹாட் 7.8, 8.2 ஆகிய பதிப்புகளிலும், அதன் தம்பியான "சென்ட் ஓ.எஸ்."சிலும் இந்தத் தொல்லை ஏற்பட்டது.

சில நாட்களில் சரியான ஷிம் வந்துவிட்டது. ஆனால் இங்கேதான் சிக்கல். திருத்தம் வலைத்தொடர்பு வழியாக வர வேண்டும். அதை வாங்கிக்கொள்ளக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். விழிக்காத கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொடுப்பது? மருந்து வாசல் வரை வந்துவிட்டது. நோயாளிக்கு வாய் திறக்கவில்லை!

அதற்கும் ஒரு வழி இருந்தது. மீட்பு டிஸ்க்கைப் போட்டு எந்திரத்தை வேறு வழியாகக் கிளப்ப வேண்டும். உள்ளே போய், புதிய ஷிம்மையும் கிரப்பையும் எடுத்துவிட்டு, பழையவற்றைத் திரும்ப வைக்க வேண்டும். அப்படித்தான் மீட்டார்கள்.

விண்டோசும் தப்பவில்லை

லினக்சுக்கு மட்டும்தான் இந்தக் கதியா? இல்லை.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி "கிரவுட் ஸ்டிரைக்" என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதில் பிழை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. விமானங்கள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

தவறான கோப்பை அந்தக் கம்பெனி 78 நிமிடங்களில் நிறுத்திவிட்டது. ஆனால் விழுந்தவை எழுந்திருக்கவில்லை. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு எந்திரமாகத் தேடிப் போய், கையால் சரி செய்ய வேண்டியிருந்தது. உடைக்க ஒரு மணி நேரம். ஒட்டவைக்கப் பல நாள்!

வீட்டில் நடந்தால்?

லினக்ஸ் போட்ட வீட்டுக் கம்ப்யூட்டரைப் புதுப்பித்த பின் அது அசையவில்லை என்றால், நான்கு காரியங்களை வரிசையாகச் செய்யலாம்.

முதலாவது, பொறுமை. பெரிய புதுப்பிப்புக்கு நேரம் பிடிக்கும். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். அப்போது மின்சாரத்தை நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

இரண்டாவது, படத் திரை மட்டும் உறைந்திருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்துத் திரை வந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. பாதியில் நின்ற புதுப்பிப்பை அங்கிருந்தே முடிக்கலாம்.

மூன்றாவது, பழைய கெர்னல். பெரும்பாலான லினக்ஸ் வகைகள், புதிய கெர்னல் வந்ததும் பழையதைத் தூக்கி எறிவதில்லை. பக்கத்திலேயே வைத்திருக்கும். கிளம்பும்போது கிரப் பட்டியலை வரவழைத்து, பழைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பல சமயம் கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.

நான்காவது, பென் டிரைவ். இன்னொரு கம்ப்யூட்டரில் லினக்சைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கிளப்பலாம். டிஸ்க்கை ரகசியப் பூட்டுப் போட்டு வைத்திருந்தால் அதன் கடவுச்சொல் தேவைப்படும். உள்ளே போனதும் முதல் வேலை என்ன? பழுது பார்ப்பதல்ல! கலியாணப் படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், கணக்கு வழக்குகள் எல்லாவற்றையும் வெளியே நகல் எடுப்பதுதான்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்பதால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. கதவு அடைத்துக்கொண்டது, பெட்டி உள்ளே பத்திரமாக இருக்கலாம். "அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்று கடைக்காரர் சொன்னால், "முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

புதுப்பிக்காமலே விட்டால்?

"எதற்கு இந்த வம்பு? புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே!" என்று சிலர் நினைக்கலாம். அதிலும் அபாயம் இருக்கிறது.

2017-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி விண்டோசில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. பலர் அதைப் போடவில்லை. மே 12-ந் தேதி "வான்னா கிரை" என்ற வைரஸ் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. சுமார் 150 நாடுகள் தவித்தன. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரண்டு மாத அலட்சியத்துக்குக் கிடைத்த தண்டனை அது!

புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொண்டு புதுப்பிக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு முதலில் தயாரிப்பாளர்களுடையது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து பல போன்களில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. போனுக்குள் இயக்க மென்பொருளுக்கு இரண்டு அறைகள். பழையது ஒன்றில் ஓடும்போதே, புதியது மற்றொன்றில் தயாராகும். புதியது எழாவிட்டால் போன் தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். கிரவுட் ஸ்டிரைக் கம்பெனியும், இனி ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பாமல், சிறிது சிறிதாக அனுப்பிப் பார்ப்பதாகப் பின்னர் அறிவித்தது.

இரண்டாவது பொறுப்பு நம்முடையது. அது மிகவும் எளியது. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். மீட்புப் பென் டிரைவ் ஒன்றை முன்கூட்டியே தயாரித்து அலமாரியில் போட்டு வையுங்கள்.

கம்ப்யூட்டர் விழுந்த பிறகு, அதைக் கொண்டே மீட்புப் பென் டிரைவ் தயாரிக்க முடியாது!