கடல் கடந்து மாண்டவர்களுக்கு ஒரு பெயரேடு வேண்டும்

காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்கவும் சாமி கும்பிடவும் வருகிறவர்களில் புள்ளலூர் வரை போகிறவர்கள் அரிது. நகருக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில் வயல்வெளிக்கு நடுவே உயரமான இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று ஹைதர் அலியின் படையோடு மோதி மாண்ட கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளான ஜேம்ஸ் ஹிஸ்லப், ஜார்ஜ் பிரவுன் ஆகியோரின் நினைவாக எழுந்தவை அவை. இன்று அவற்றைக் காப்பது இந்தியத் தொல்லியல் துறை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1780 செப்டம்பர் 10 அன்று, இதே புள்ளலூரில் இன்னும் பெரிய அழிவு நடந்தது. காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வதற்காகக் குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்தார் கர்னல் வில்லியம் பெய்லி. ஹைதரும் திப்புவும் அவருடைய படையைச் சூழ்ந்து நொறுக்கினார்கள். ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அந்தப் படையில் மிகப் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு நாட்டுச் சிப்பாய்கள். எதிரணியில் விழுந்தவர்களும் இந்த மண்ணின் உழவர் வீட்டுப் பிள்ளைகள்தான். இவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே ஒரு கல் இல்லை.

சிறைபிடிக்கப்பட்ட பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். 34 ஆண்டுகள் கழித்து, 1816இல், லக்னோவில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த அவருடைய உறவினர் ஜான் பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு நினைவு மண்டபம் எழுப்பினார். அது இன்றும் இருக்கிறது. கடல் கடந்து மாண்ட தம் குடும்பத்தவரின் இடத்தைத் தேடிச் சென்று பேணுவது மனித இயல்பு. ஆனால் அதற்கு அவர் எங்கே, எப்போது மாண்டார் என்பது தெரிந்திருக்க வேண்டும். எழுதி வைத்த ஏடு வேண்டும், போய்வர வசதி வேண்டும். பெய்லியின் குடும்பத்துக்கு இவை யாவும் வாய்த்தன. அவரோடு விழுந்த சிப்பாயின் குடும்பத்துக்கு எதுவும் வாய்க்கவில்லை.

அரசு ஏற்ற கடமை

குடும்பத்தின் செல்வாக்கைப் பொறுத்திருந்த இந்தக் காரியத்தை அரசின் கடமையாக்கியது முதல் உலகப் போர். 1917இல் பிரிட்டிஷ் பேரரசு போர்க் கல்லறை ஆணையத்தை அமைத்தது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். அதை நடத்தும் ஆறு அரசுகளில் இந்தியாவும் ஒன்று. மாண்டவர் ஒவ்வொருவரின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட வேண்டும், பதவியோ இனமோ மதமோ பார்க்கக் கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள்.

அந்த விதி எப்படிச் செயல்படுகிறது என்பதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில், 2018 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தோடு இருந்த பகுதியில், இந்த ஆணையம் பேணும் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்து, இந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் அதிகமானோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. லண்டனிலிருந்து ஒரு பேரன் வந்தால் வரிசை எண்ணைப் பார்த்து நேராகத் தாத்தாவின் கல்லுக்கு முன்னால் போய் நிற்கலாம். புல் வெட்டியிருக்கும், எழுத்து தெளிவாக இருக்கும்.

நம் பக்கத்துக் கணக்கு

முதல் உலகப் போரில் சுமார் 74,000 இந்திய வீரர்களும், இரண்டாம் உலகப் போரில் சுமார் 87,000 பேரும் இறந்தார்கள். பிரான்சில் நூவ் ஷப்பேல் நினைவிடத்தில் 4,700க்கும் அதிகமான இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர் போரிட்ட மெசபடோமியாவின் கதை வேறு. இராக்கிலுள்ள பாஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். எல்லோரும் சமம் என்ற விதி அங்கே மீறப்பட்டது.

2021 ஏப்ரலில் ஆணையமே இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களிலும் சுமைதூக்கிகளிலும் குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது அதன் அறிக்கை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நம் ஊர்களில் அக்காலத்தில் பதித்த சலவைக் கற்களிலும் இதே குறை உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அவை சொல்லும். யார் யார் என்று சொல்லாது.

சீருடை அணியாதவர்களின் நிலை இதைவிட மோசம். 1942-43இல் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்லும் பாதை அது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்குக் கப்பலேறிய குடும்பங்கள் அவை. இன்றைய காஞ்சிபுரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.

அதே பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. கைதிகளின் முகாம்களில் அதிகாரிகள் இருந்தார்கள். யாரை எங்கே புதைத்தோம் என்று உயிரைப் பணயம் வைத்து எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் தேடுதல் குழு ஒன்று பாதை நெடுகச் சென்று 10,000க்கும் அதிகமான புதைகுழிகளைக் கண்டறிந்தது. தமிழ்த் தொழிலாளிக்கோ பதிவேடு இல்லை, அவர் பெயரை எழுத முகாமில் ஆள் இல்லை. காலராவில் செத்தவர்களைக் கூட்டமாகக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். இன்று அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்குத் தன் பாட்டன் பெயரைத் தேட ஒரு வரிசை கிடையாது.

நடுகல் நாட்டின் மரபு

இதில் நமக்குக் கூடுதல் வெட்கம் இருக்க வேண்டும். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் முறை வகுத்த மொழி நம்முடையது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்களின் ஆட்சியாண்டுகளைத் தாங்கிய நடுகற்கள் செங்கம் பகுதியில் நிறையக் கிடைத்திருக்கின்றன. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், என்ன பெயர், எந்தச் சண்டையில் பட்டான் என்று அந்தக் கற்கள் சொல்கின்றன. மாடு மீட்கப் போன சாதாரண ஊர்க்காரனுக்கும் பெயர் உண்டு. அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் இருந்தது. பெயர், இடம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம்.

அந்த மரபு 2023 மே 1 அன்று மீண்டும் உயிர் பெற்றது. தமிழ்நாடு அரசின் 10 லட்சம் ரூபாய் உதவியோடு காஞ்சனபுரியில் மரண ரயில் தமிழர்களுக்கு நடுகல் நடப்பட்டது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் கல்லில் பெயர்கள் ஏறாதவரை வேலை பாதியில்தான் நிற்கிறது.

பேரரசுக்காகச் சண்டையிட்டவர்களுக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. போரை முடிவு செய்தவர் வேறு, அதில் செத்தவர் வேறு. வறுமை பலரைப் படைக்குத் தள்ளியது, வற்புறுத்தல் பலரை ரயில் பாதைக்குத் தள்ளியது. செத்தவரைத் தரம் பிரித்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்க்கலாம். அங்கே இந்திய அமைதிப்படையின் வீரர்கள் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அவர்களுக்குக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அதே தீவில் விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன, கோப்பாயில் அந்த இடத்தின் மேல் ராணுவப் படைப்பிரிவு ஒன்றின் தலைமையகமே எழுந்தது. மாவீரர் நாளான ஒவ்வொரு நவம்பர் 27 அன்றும் தாய்மார்கள் உடைந்த கற்களுக்கு நடுவே விளக்கேற்றுகிறார்கள். இரு தரப்புத் தாய்க்கும் துயரம் ஒன்றே. செத்தவரின் அரசியலைப் பார்த்து அழும் உரிமையை அளப்பது அநீதி.

செய்ய வேண்டியவை

முதல் தேவை மாவட்ட வாரியான பெயரேடு. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளைக் கொண்டு, முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாப் வீரர்கள் 3,20,000 பேரின் விவரங்களைப் பிரிட்டனில் ஊர் ஊராக மின்னேடாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆணையத்தின் பெயர்ப் பட்டியல் எவரும் தேடக்கூடிய வகையில் இருக்கிறது. இவற்றோடு ஊர்க் கல்வெட்டுகளையும் குடும்பங்களில் மிஞ்சிய கடிதங்களையும் பதக்கங்களையும் சேர்த்துக் காஞ்சிபுரத்திலிருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம்.

இரண்டாவது, அயலகத் தமிழர் நலத் துறையில் இதற்கென ஒரு பிரிவு. பாட்டனின் படைப்பிரிவையும் ஊரையும் சொன்னால், அவர் பெயர் எந்த நாட்டில் எந்தக் கல்லில் இருக்கிறது என்று அது தேடித் தர வேண்டும். நேரில் போக விரும்பும் ஏழைக் குடும்பத்துக்குப் பயணச் செலவில் பங்கேற்க வேண்டும். பிரிட்டன் 1985இல் போர் விதவைகளுக்கு இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ஜப்பான் 2016இல் போரில் இறந்தவர்களின் எலும்புகளைத் தேடி மீட்பதற்கென்றே சட்டம் இயற்றியது.

மூன்றாவது, ஆணையத்தின் உறுப்பு நாடு என்ற உரிமையோடு இந்தியா பேச வேண்டும். விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதில் தமிழகச் சிப்பாய்களின் பட்டியலை நாமே முன்வைக்க வேண்டும்.

கடைசியாக, புள்ளலூரில் மூன்றாவது கல் ஒன்று எழ வேண்டும். கும்பினிப் படையிலும் ஹைதர் படையிலும் அங்கே விழுந்த நம் மண்ணின் வீரர்கள் அனைவருக்கும் பொதுவான கல். அவர்களின் பெயர்களை நாம் இழந்துவிட்டோம். அந்த இழப்பையும் அதில் தமிழில் பொறிக்கலாம். முதல் உலகப் போரிலும் மரண ரயிலிலும் மாண்டவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவிலுள்ள பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். அரசு அந்த ஏட்டை இந்த ஆண்டே திறக்க வேண்டும்.