தராசும் நாக்கும்

இலையை விளைவித்துப் பதப்படுத்தி, அதன் குணத்தை நாவினாலும் மூக்கினாலும் அளந்து விலை கூறும் பெருந்தொழில்கள் இரண்டு. ஒன்று புகையிலை, மற்றது தேயிலை. கியூபா நாட்டுச் சுருட்டைக் கையிலெடுக்கும் சுவைஞன் அதைப் பற்றவைக்குமுன் மேலிலையின் நிறத்தைப் பார்க்கின்றான். விரலால் அழுத்தி இறுக்கத்தை அறிகின்றான். பின்னர் புகையை வாயில் நிறுத்தி, அது மென்மையானதா, நடுத்தரமானதா, முழுக் கனம் உடையதா என்று தீர்ப்புக் கூறுகின்றான். யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் திருச்சிராப்பள்ளி உறையூர்ச் சுருட்டுக்கும் இத்தகைய தீர்ப்பாளர் இருந்தனர். புகையிலையின் தீமையை இன்று யாவரும் அறிவர். ஆதலால் அதனை அங்கேயே விட்டு, அதே கலை நாள்தோறும் நடைபெறும் மற்றோர் இலையிடம் வருவோம்.

கொத்மலைப் பிரதேசம் இக்கலைக்கு ஏற்றதொரு பாடசாலை எனலாம். 1985 இல் நிறைவுற்ற கொத்மலை அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய சரிவுகளிலிருந்து றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறிச் செல்லும்போது, வளைவுக்கு வளைவு குளிர் கூடுகின்றது. தேயிலையின் குணமும் மாறுகின்றது. 2,000 அடிக்குக் கீழே விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்றும், 2,000 முதல் 4,000 அடி வரை விளைவதை இடைநிலத் தேயிலை என்றும், அதற்கு மேற்பட்டதை உயர்நிலத் தேயிலை என்றும் வாணிபத்தார் வகுத்துள்ளனர். இடைநிலத்துத் தேநீர் நிறமும் கனமும் மிக்கது. உயரே செல்லச் செல்ல நிறம் வெளிறும், மணம் கூர்மையாகும். கொத்மலை இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையில் இருக்கின்றது.

தேயிலையைச் சுவைத்து மதிப்பிடும் முறையைத் தோட்டத் தொழிற்சாலையொன்றில் பலமுறை நின்று பார்த்திருக்கின்றேன். நீண்ட மேசையொன்றில் வெண்மையான பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரே நிறையுடைய தூள், அதன்மேல் அப்போதுதான் கொதித்த நீர், மூடி. சர்வதேசத் தர நிறுவனம் 1980 இல் வெளியிட்ட விதியின்படி, 100 மில்லி லீற்றர் நீருக்கு 2 கிராம் இலை. ஊறும் நேரம் 6 நிமிடம். சாயத்தை வடித்த பின் ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைப்பர். சுவைப்பவர் முதலில் உலர்ந்த தூளின் முறுக்கைப் பார்ப்பார். அடுத்து ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும் ஆராய்வார். இறுதியில் சாயத்தைக் கரண்டியால் அள்ளி, ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, உடனே உமிழ்ந்துவிடுவார். ஒரு கோப்பைக்குச் சில விநாடிகளே செல்லும். பிரகாசம், துடிப்பு, கனம், மணம் என்ற நான்கையும் அந்தச் சில விநாடிகளில் அவர் நிறுத்துவிடுகின்றார்.

இந்த நாக்கின் அதிகாரம் சாமானியமானதன்று. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பதினாறு ஆண்டுகளின் பின், 1883 இல், கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 2020 இல் அந்த ஏலம் மின்னணுத் திரைக்கு மாறியது. கூவி விலை கேட்கும் ஆரவாரம் ஓய்ந்தது. நாக்கு மாத்திரம் ஓயவில்லை. ஏலத்துக்கு முன் மாதிரிகள் தரகரின் மேசைக்கும் கொள்வோரின் மேசைக்கும் இன்றும் செல்கின்றன. ஒரு தோட்டத்தின் பெயரால் வரும் பெட்டிக்கு என்ன விலை என்பதை அங்கே சிந்தும் சில சொற்கள் நிர்ணயிக்கின்றன.

நான் வற்புறுத்த விரும்பும் செய்தி இனித்தான் வருகின்றது. அந்த நாக்கு கோப்பையில் எதைக் கண்டுபிடிக்கின்றது? உயரத்தை, மழையை, காற்றைக் கண்டுபிடிக்கின்றது; தொழிற்சாலையில் இலையை வாட்டியவரின் கவனத்தையும், உருட்டிக் காயவைத்தவரின் கவனத்தையும் கண்டுபிடிக்கின்றது. இவை அனைத்துக்கும் முன்னதாக, பறித்த கையைக் கண்டுபிடிக்கின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து ஒரு சாயத்தைத் தரும். முற்றிய இலை கலந்தது வேறு சாயத்தைத் தரும். கூடையில் அமுக்கித் திணித்த கொழுந்து வழியிலேயே கன்றிச் சிவந்து, கோப்பையில் மங்கலாகத் தோன்றும். சரிவில் நின்ற பெண்ணொருத்தி காலையில் எவ்வாறு பறித்தாள் என்பதைக் கொழும்பில் ஒருவர் பல நாட்களின் பின் நாவினால் படித்துவிடுகின்றார்.

சுவை என்பது பொருளில் மாத்திரம் இருப்பதன்று, நாவில் மாத்திரம் இருப்பதுமன்று. இரண்டும் கூடுமிடத்தே பிறப்பது என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் நமக்குக் கற்பித்த பாடம். தேயிலை விடயத்தில் அந்தப் பொருளுக்குப் பின்னே ஒரு கையும் இருக்கின்றது. நாக்கு அந்தக் கையை அறிகின்றது. ஆனால் அந்தக் கைக்குக் கூலி வழங்கும் கருவி நாக்கு அன்று, தராசு.

கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசுக்கு மொட்டும் தெரியாது, முற்றலும் தெரியாது. கிலோ ஒன்றே தெரியும். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தபின் மிஞ்சுவதே அவளுடைய நாள். குறித்த அளவு நிறைந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அளவுக்கு மேற்பட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசு. முற்றிய இலையைக் கண்டால் மேற்பார்வையாளர் கடிந்துகொள்வார், உண்மை. ஆயினும் நல்ல கொழுந்துக்கென்று ஒரு சதமேனும் கூடுதலாக வருவதை நான் கண்டதில்லை. சுவைப்பவர் சொல்லும் கனம் வேறு, தராசு காட்டும் கனம் வேறு. தோட்டம் முன்னதை விற்கின்றது. பின்னதற்குக் கூலி கொடுக்கின்றது.

இதனை வாசிக்கும் ஆசிரியர்கள் ஓர் உவமையைப் பொறுத்தருள வேண்டும். மாணவரின் விடைத்தாள்களைத் தராசில் நிறுத்து, பாரம் மிக்கதற்கு அதிக புள்ளி வழங்கும் பாடசாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே மாணவர் பக்கங்களை நிரப்பக் கற்பார்களேயன்றிச் சிந்திக்கக் கற்கமாட்டார்கள். பின்னர், விடைகளின் தரம் தாழ்ந்துவிட்டதென்று அப்பாடசாலையே வருந்துமாயின் அதை என்னவென்பது? இலங்கைத் தேயிலையின் தரம் பற்றி எழும் கவலைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடசாலையே நினைவுக்கு வருகின்றது.

கூலி பற்றிய வாதமும் தராசின் மொழியிலேயே நடந்து வருகின்றது. நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாயிற்று. 2024 இல் 1,350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் பங்காக 200 ரூபாவும் சேர்த்து, 2026 முதல் 1,750 ரூபா என்று அறிவித்தது. எண்கள் ஏறியிருக்கின்றன. ஆனால் 2021 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 2022 நெருக்கடிக்குப் பின் அது 300 ரூபா அளவில் நிற்கின்றது. தேயிலை டொலரில் விற்கப்படும் பண்டம். அந்தக் கணக்கில் பார்த்தால் அன்றைய கூலி ஏறத்தாழ ஐந்து டொலர்; இன்றையது ஆறு டொலரை எட்டவில்லை. உயர்வென்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி, ரூபா இழந்ததை மீட்ட கணக்கே.

ஒவ்வோர் உயர்வின்போதும் கம்பனிகள் ஒரே மறுமொழியைக் கூறுகின்றன: உற்பத்தித் திறனோடு இணைந்த கூலியே நிலைக்கும் என்பது. அக்கூற்றை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் உற்பத்தித் திறன் என்ற சொல்லுக்கு அவர்கள் தரும் பொருள் பெரும்பாலும் இன்னும் சில கிலோ என்பதே. ஏலத்தில் அவர்கள் பெறும் விலையோ கிலோவினால் மட்டும் வருவதன்று. கிலோ ஒன்றின் தரத்தினால் வருவது. தரத்தின் பயனில் அந்தக் கைக்குப் பங்கு எங்கே?

அத்தகைய பங்கு நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எவரேனும் சொல்வாராயின், அவர் இந்நாட்டின் சிறுதோட்ட உரிமையாளரைப் பார்ப்பாராக. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி அவர்களுடைய நிலத்திலிருந்தே வருகின்றது. அவர்கள் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கும்போது, ஏல விலையை அடிப்படையாகக் கொண்டு, 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கும் 32 பங்கு தொழிற்சாலைக்கும் என்ற சூத்திரம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கொழும்பில் நாக்கு உயர்த்திய விலை, வழியில் குறைபட்டாயினும், அவருடைய கைக்கு வந்து சேர வழியுண்டு. அதே செடி, அதே கொழுந்து, அதே ஏலம். நிலம் தன்னுடையதாயின் சுவையில் பங்கு உண்டு. நிலம் பிறருடையதாயின் எடைக்கு மட்டுமே கூலி. வேறுபாடு தேயிலையில் இல்லை, உரிமையில் இருக்கின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நாட்கூலியை நீக்கிவிட்டு வருமானப் பங்கை அதனிடத்தில் வைக்கும் யோசனைகளும் உலவுகின்றன. அவற்றை ஐயத்தோடு நோக்க வேண்டும் என்பேன். 2021 இல் இரசாயன உரம் திடீரெனத் தடை செய்யப்பட்டது. சில மாதங்களில் தடை நீங்கியபோதும், அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியைச் சிறுதோட்டக்காரர் தம் தோளிலேயே சுமந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, மண்சரிவு எவரிடமும் உற்பத்தித் திறனைக் கேட்டு வரவில்லை. இத்தகைய இடர்களை லயத்தில் வாழும் நிலமற்ற குடும்பத்தின்மேல் ஏற்றுவது பங்கு கொடுப்பதாகாது, பாரம் மாற்றுவதாகும். நாட்கூலி தரையாக நிற்க வேண்டும். அந்தத் தரையின்மேல், தோட்டத்தின் பெயர் ஏலத்தில் பெறும் விலை உயரும்போது, அதில் ஒரு வீதம் பறித்தவருக்கும் செல்ல வேண்டும். அந்தக் கணக்கைத் தொழிலாளரும் படிக்கும்படி, மாதந்தோறும் மடுவத்தில் தமிழில் எழுதி ஒட்டவும் வேண்டும்.

இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. ஏல விலை வாரந்தோறும் பதிவாகின்றது. எந்தத் தோட்டத்துத் தேயிலை என்ன விலை போயிற்று என்பது ஏட்டில் இருக்கின்றது. வேண்டியது ஒன்றே: சுவை மதிப்பீடு என்பது கொள்வோருக்கும் விற்போருக்கும் இடையே முடிந்துவிடும் உரையாடல் என்ற எண்ணத்தைக் கைவிடுதல்.

மலையகத் தமிழர் தம் வரலாற்றின் இருநூறு ஆண்டுகளை 2023 இல் நினைவுகூர்ந்தனர். கோப்பியை நட்டதும் அவர்களே. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையை நட்டதும் அவர்களே. அவர்கள் பறித்த கொழுந்தில் உயர்ந்த பகுதி கடல் கடந்து செல்கின்றது. லயத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் கடைசித் தரத் தூளே. தம் உழைப்பு எத்தகைய சுவையாக முடிகின்றது என்பதைத் தாமே அருந்தி அறியாத மக்களிடம், தரம் குறைகின்றது என்று முறையிடுவதில் நியாயமில்லை. தொழிற்சாலை மேசையில் தினமும் காலையில் நிரம்பும் கோப்பைகளில் ஒன்றையேனும் அதைப் பறித்தவள் கையில் கொடுத்து, இது உன்னுடையது, இதற்கு இன்ன விலை கிடைத்தது, அதில் உன் பங்கு இவ்வளவு என்று சொல்லும் நாளில்தான், அந்த மேசையில் நடப்பது முழுமையான மதிப்பீடாகும்.