கணிப்பொறித் தொழிலாளர் குறைகள்

ஆலைத் தொழிலாளரும் உழவரும் படும் அல்லல்களைப் பற்றிப் பேசுவார் பலர். கணிப்பொறியின்முன் அமர்ந்து ஊதியம் பெறுவார்க்கும் அல்லலுண்டு என்றால் கேட்பவர் நகைக்கின்றனர். "குளிரூட்டிய அறை, சுழல்நாற்காலி, மாதந் தவறாத சம்பளம், இவர்கட்கு யாது குறை?" என்கின்றனர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த எம்மை நோக்கி, "இதைக் கற்று என் செய்யப்போகிறாய்? ஐ.டி.யில் ஓர் இடம் பார்த்துக்கொள்ளலாகாதா?" என்று இரங்கிய உறவினர் தொகை சிறிதன்று. அவ்விரக்கத்திற்கு விடையிறுப்பது எம் நோக்கமன்று. நம்முட் பலர், தமிழ் மாணவரும் உட்பட, பட்டம் பெற்றபின் அவ்வாயிலிற் சென்று நிற்கப்போகின்றோம். ஆதலின் உள்ளே இருப்பது யாதென முன்னரே அறிந்துகொள்ளுதல் நலமென்று கருதியே எழுதத் துணிந்தோம்.

யாம் வாழும் திருமுல்லைவாயில், தொண்டைமான் ஊர்ந்த யானையின் கால்களை முல்லைக்கொடி பிணித்த இடமென்று தலபுராணம் கூறும் ஊர். இக்காலத்தில் அவ்வூராரைப் பிணித்திருப்பது கழுத்திற் றொங்கும் அடையாள அட்டையின் நாடா. காலையிற் புறநகர் இரயில் நிலையத்தில் நின்று பார்ப்பார்க்கு இது நன்கு விளங்கும். அண்மையிலுள்ள அம்பத்தூரில் 1960-களில் அரசினர் அமைத்த தொழிற்பேட்டை உள்ளது. அங்கே இரும்பு கடையும் பட்டறைகளின் அயலிலேயே இந்த நூற்றாண்டிற் கண்ணாடிச் சுவர்களையுடைய மென்பொருள் நிலையங்கள் எழுந்துள்ளன. எண்ணெய்க் கறை படிந்த சட்டையினரும் அட்டை யணிந்தவரும் ஒரே பெட்டியில் நெருங்கி நின்று செல்கின்றனர். முன்னவர் தம்மைத் தொழிலாளர் என்று தயக்கமின்றிக் கூறுவர். பின்னவர் அச்சொல்லைக் கேட்டாற் கூசுகின்றனர். இக்கூச்சமே அவர்தம் துன்பங்களுட் பாதிக்குக் காரணமென்பது எம் துணிபு.

எம் தெருவில் ஓர் அக்கை யிருக்கின்றார். நம் கல்லூரியின் பழைய மாணவி. அவர் பெயரும் அவர் பணிபுரியும் நிறுவனமும் கூறேம். கூறின் அவர்க்கு இடர் வரும். அமெரிக்க நாட்டு வாடிக்கையாளரின் கணிப்பொறிகளிற் பழுது நேர்ந்தால் இங்கிருந்தே திருத்திக் கொடுப்பது அவர் தொழில். அவர்க்குப் பகல் இரவாகும், இரவு பகலாகும். அவர் பெருங்குறை எதனையும் எம்மிடம் முதலிற் சொல்லவில்லை. சிறு குறைகளையே சொன்னார்.

பணி தொடங்குமுன் கடவுச்சொல் ஒன்று. பின்னர்க் கைப்பேசிக்கு வரும் எண். அதன்பின் நிறுவனத்தின் மறைவழி இணைப்பாகிய வி.பி.என். அவ்விணைப்பு ஓரிரவில் மும்முறை அறுந்தால், மும்முறையும் எல்லாவற்றையும் முதலினின்றே தொடங்கல் வேண்டும். அறுந்திருந்த நேரம் அவர் கணக்கிலேயே குறைவாக எழுதப்படும். வேலைக்கு இன்றியமையாத ஒரு சிறு செயலியைத் தம் மடிக்கணினியில் நிறுவிக்கொள்ள அவர்க்கு அதிகாரமில்லை. அதற்கு வேறொரு பிரிவினர்க்கு 'டிக்கெட்' என்னும் விண்ணப்பம் போடல் வேண்டும். அவர்கள் இரண்டு நாட் கழித்து விடை தருவர். ஆனால் அச்செயலியைக் கொண்டு அவர் முடிக்கவேண்டிய வேலைக்கோ நான்கு மணி நேரமே தவணை! "பிறர் கணினிகளை யெல்லாம் நான் திருத்துகிறேன், தம்பி, என் கணினியைத் தொட எனக்கு அனுமதியில்லை" என்று அவர் நகைத்துக்கொண்டே கூறினார். எமக்கு நகைப்பு வரவில்லை.

இன்னொன்றுங் கேளுங்கள். உரையாடற் செயலியில் அவர் பெயரருகே ஒரு பச்சைப் புள்ளி உண்டு. சில நிமிடம் விசைப்பலகையைத் தொடாதிருந்தால் அது மஞ்சளாகும். சிக்கலான பழுதொன்றைத் தீர்க்கக் காகிதத்திற் படம் வரைந்து சிந்திப்பவர்க்கும், உறங்குபவர்க்கும் அப்புள்ளி வேற்றுமை யறியாது. ஆதலிற் சிந்திக்கும்பொழுதும் ஒரு கையால் மவுஸை அசைத்துக்கொண்டே யிருக்கப் பழகிவிட்டாராம். இஃது அவர் ஒருவர் வழக்கமன்று; மவுஸைத் தானே அசைக்குங் கருவிகள் கடைகளில் விற்கின்றன. அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ என்னும் வங்கி, விசைப்பலகை இயங்குவதாகப் போலித் தோற்றங் காட்டினரென்று 2024-ம் ஆண்டிற் பத்துப் பன்னிருவர்க்கு மேற்பட்டோரை வேலையினின்று நீக்கியது. அவர்கள் செய்தது சரியென்று வாதிக்க வரவில்லை. வேலையின் பயனை அளவாது விரலின் அசைவை அளக்கும் முதலாளி, வேலையையன்று, அசைவையே பெறுவான் என்பது மட்டும் எமக்குத் தெளிவாகின்றது.

பொறியின் பிழைக்கு மனிதர் ஈடு கொடுப்பதற்கு 2024 ஜூலை 19 ஒரு சான்று. அன்று வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல்-மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு சிறு கோப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. விமான நிலையங்களிற் பயணச் சீட்டுக்களைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அதனைத் தொலைவிலிருந்தே ஒரு கட்டளையால் திருத்த இயலாத பொறிகள் மிகப் பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அக்கோப்பைத் தேடி அழித்தல் வேண்டியிருந்தது. அவ்வேலையைச் செய்தவர் அக்கையைப் போன்றவர்களே. அக்கை இரண்டிரவு வீடு திரும்பவில்லை. மறுவாரம் வந்த மின்னஞ்சலில் 'குழுவின் உழைப்பிற்கு' நன்றி கூறப்பட்டிருந்தது. மிகைநேர ஊதியம் கூறப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் பாடற்குழுவினின்று இருமுறை எழுந்து வெளியே செல்ல யாம் கண்டதுண்டு. அழைப்பது நிறுவனம், எடாதிருத்தல் அவரால் இயலாது. பணிநேரங் கடந்த அழைப்பை மறுக்கும் உரிமையைப் பிரான்சு தேசம் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டத்தாற் கொடுத்துள்ளன. நம் நாட்டில் அதற்கென மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-ற் கொணர்ந்த தனி மசோதா சட்டமாகவில்லை.

இவை சிறு குறைகள். பெருங்குறை யாதெனின், நாளை வேலையுண்டா என்னும் ஐயம். ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டம் கிடைக்கும்வரை காத்திருத்தலை அத்துறையினர் 'பெஞ்சு' என்கின்றனர். டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2025 ஜூனில் வகுத்த விதிப்படி ஓர் ஊழியர் ஆண்டில் 35 வேலைநாட்களுக்கு மேற் பெஞ்சிலிருத்தலாகாது. திட்டத்தைப் பெற்றுத் தருவது நிறுவனத்தின் கடமையா, ஊழியர் கடமையா என்பதை அவ்விதியே தீர்த்துவிட்டது! அடுத்த மாதமே அந்நிறுவனம் தன் ஊழியருள் நூற்றுக்கு இருவரை, ஏறத்தாழ 12,000 பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது. புதியவர் நிலையும் இதுவே. 2022-ல் இன்போசிஸ் தெரிந்தெடுத்த பட்டதாரிகளிற் பலர் ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்த பின்னரே சேர்த்துக்கொள்ளப்பெற்றனர். 2025 பெப்ருவரியில், மும்முறை தேர்வில் தவறினரென்று முந்நூற்றுவர்க்கு மேற்பட்ட பயிற்சியாளரை மைசூரினின்று அந்நிறுவனம் அனுப்பிவிட்டது. கலைக்கல்லூரி மாணவராகிய நம்மை நேரே தொடுவது இன்னொன்று: பொறியியல் கல்லாத பட்டதாரிகட்கு 2024-ற் காக்னிசன்ட் நிறுவனம் அறிவித்த ஊதியம் ஆண்டுக்கு 2,52,000 ரூபாய், மாதம் 21,000. அம்பத்தூரில் அறைவாடகையும் உணவுங் கழித்து வீட்டிற்கு அனுப்ப எஞ்சுவது எவ்வளவு என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்க.

நீக்கும் முறையிலுள்ள சூழ்ச்சியை மாணவர் கூர்ந்து நோக்கல் வேண்டும். தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாட் சம்பளமும் தருதல் வேண்டுமென்று 1947-ம் ஆண்டின் தொழிற்றகராறுச் சட்டம் கூறிற்று. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்பும் அதனையே கூறுவதோடு, நீக்கப்பட்டோர் வேறு தொழில் பயில மேலும் 15 நாட் சம்பளம் ஒரு நிதியிற் செலுத்தப்பெற வேண்டுமென்றும் விதிக்கின்றது. ஆனால் தானே விலகினவர்க்கு இவையெல்லாம் இல்லை. ஆதலின் ஊழியரைத் தனியறைக்கு அழைத்து, "விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு, இன்றேல் நற்சான்று கிடையாது, வேறெங்கும் வேலை கிடையாது" என்கின்றனர். அவரும் எழுதிக் கொடுத்துவிடுகின்றார். ஏட்டில் ஒருவரும் நீக்கப்படவில்லை!

இரண்டாவது சூழ்ச்சி பட்டப்பெயர். தொழில்நுட்ப வேலை செய்பவரும் சட்டப்படி தொழிலாளரே. மேலாளரும், 18,000 ரூபாய்க்கு மேற் பெறும் மேற்பார்வையாளரும் மட்டுமே விலக்கு. ஆகவே ஒருவர்க்கும் தலைவரல்லாதாரை யெல்லாம் 'லீட்' என்றும் 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்றும் அழைக்கின்றனர். பெயரைக் கேட்டு வீட்டார் மகிழ்கின்றனர். வழக்கென்று வரும் நாளில் அப்பெயரே எதிர்வாதமாய் நிற்கின்றது. எனினும் நீதிமன்றம் நோக்குவது பெயரையன்று, செய்யும் வேலையையே என்பதை நம்மவர் அறிதல் நன்று.

எதிர்த்து நின்றோரும் இல்லாமலில்லை. 2015 ஜனவரியில், டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தாற் பணிநீக்கப்பெற்ற கருவுற்றிருந்த பெண்மணி ஒருவர் சென்னை உயர்நீதிமன்றஞ் சென்று இடைக்காலத் தடை பெற்றார். நிறுவனமும் அந்நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. ஊழியர் சங்கம் அமைத்தலாகாதென்பது வெறும் வதந்தியென்று 2016-ல் தமிழ்நாட்டரசே தெளிவுபடுத்திற்று. புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியார் தொடுத்த வழக்கின் பயன் அது. ஆயினும் பத்தாண்டு கழிந்தும் சங்கத்தில் உள்ளோர் சிலரே. ஏனென்று அக்கையை வினவினோம். "சங்கமென்றால் கொடி, கோஷம், வாயிற்கூட்டம், அதெல்லாம் ஆலைக்காரர்க்கு" என்றார்.

ஆலைக்காரரைப் பற்றி ஒரு சொல். அக்கையும் யாமும் சென்னைக்குச் செல்லும் இரயில் பெரம்பூரைக் கடந்தே செல்கின்றது. அங்கே பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்க்காக 1918 ஏப்ரல் 27-ற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அடிகோல, பி. பி. வாடியா தலைமை தாங்கினார்; திரு. வி. கலியாணசுந்தரனார் உடனின்றார். அத்தொழிலாளர் அன்று சொன்ன குறைகள் யாவை? உண்ணும் இடைவேளை போதாமை, மேலாட்களின் கடுஞ்சொல் முதலியன. அவையும் சிறு குறைகளே, "இதற்கொரு சங்கமா?" என்று அன்றும் நகைத்தனர். முதலாளிகள் சங்கத்தலைவர் மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தடை பெற்றனர். அவ்வழக்கினால் எழுந்த கிளர்ச்சியின் வழியே 1926-ம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் அன்று தந்த சங்க உரிமையின் நிழலில் இன்று கண்ணாடிக் கட்டடத்தாரும் நிற்கலாம். பெரம்பூர்த் தொழிலாளர் தமக்கு மட்டும் அதனைத் தேடி வைக்கவில்லை.

"சங்கம் வந்தால் நிறுவனங்கள் பெங்களூர்க்குப் போய்விடும்" என்பார் உளர். பெங்களூரிலும் 2017 முதல் இத்துறைக்கெனச் சங்கம் உண்டு. வேலைநேரத்தை நாளொன்றுக்கு 14 மணிவரை நீட்டலாமென்று 2024-ல் எழுந்த முயற்சியை வெளிப்படையாக எதிர்த்தோர் அவர்களே. ஓடிப்போக வேறு ஊர் எஞ்சியுள்ளதா என்பதை இவ்வச்சமுடையோர் கூறட்டும். நிறுவனங்கட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் நெருக்கடியுண்டு, செயற்கை நுண்ணறிவினால் தொழிலே மாறி வருகின்றது என்பதையும் யாம் மறுக்கவில்லை. அம்மாற்றத்தின் ஊதியம் ஒருவர்க்கும் இழப்பு மற்றவர்க்கும் என்று பங்கிடப்படுவதையே மறுக்கின்றோம்.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு கடமையுண்டு. வளாகத் தேர்வு நடக்கும் நாளில் மாணவர் கையிற் பல பக்க ஆங்கில ஒப்பந்தம் கொடுக்கப்படுகின்றது. மாலைக்குள் ஒப்பமிடல் வேண்டும் என்கின்றனர். முதற் றலைமுறையாகப் பட்டம் பெறும் மாணவன், தந்தைக்குக் காட்டவும் நேரமின்றி ஒப்பமிடுகின்றான். வேலை தேடித்தரும் பிரிவினர் அவ்வொப்பந்தத்தை மூன்று நாள் முன்னரே பெற்று மாணவர்க்குக் கொடுத்தலும், சட்டமறிந்த பழைய மாணவர் ஒருவர் ஒரு மாலை வந்து அதனை வாசித்து விளக்குதலும் கூடாதனவல்ல. இதற்குப் பொருட்செலவு இல்லை. முன்னரே தர மறுக்கும் நிறுவனத்தை வளாகத்திற்கு அழையாதிருத்தலும் நம் கல்லூரியால் இயலும்.

தமிழ் மாணவராகிய யாமும் வாளா இருக்கவில்லை. அவ்வொப்பந்தங்களிற் பயிலுஞ் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதத் தொடங்கியுள்ளோம். இதுகாறும் நாற்பது சொற்கள் முடிந்தன. மூன்று மாத 'நோட்டீஸ் பீரிய'டை 'விலகல் முன்னறிவிப்புக் காலம்' என்றோம். 'பாண்டு' என்பதற்குப் 'பிணைமுறி' என்னும் பழஞ்சொல்லே பொருந்திற்று. 'வாலன்டரி ரெஸிக்னேஷன்' என்பதைத் 'தன்விருப்ப விலகல்' என்று எழுதிக்கொண்டு போய் அக்கையிடங் காட்டினோம். அவர் 'தன்விருப்ப' என்பதன்மேல் ஒரு கோடிழுத்து, பக்கத்தில் ஒரு வினாக்குறி இட்டுத் திருப்பித் தந்தார். அச்சொல்லுக்குத் தக்க விளக்கம் இன்னும் அமையவில்லை. இப்பணியில் உதவ விரும்பும் பழைய மாணவர் தமிழ் மன்றச் செயலாளர்க்கு எழுதுவாராக. தம்மிடமுள்ள ஒப்பந்தங்களின் படியையும், பெயர் முதலியவற்றை அழித்துவிட்டு, அனுப்பின் மிகவும் உதவியாயிருக்கும்.