நின்றாளா, நிறுத்தினார்களா?

இங்கிலாந்தின் கால்பந்து வீரர் டாம் ஃபின்னியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: போரால் அவருடைய ஆட்ட வாழ்க்கை தடைப்பட்டது. உண்மைதான். பிரஸ்டன் நகரத்தில் பிறந்தவர். 1940இல், 17 வயதில், தன் ஊர் அணியான பிரஸ்டன் நார்த் எண்டில் தொழில்முறை ஆட்டக்காரரானார். இரண்டாம் உலகப்போரால் லீக் ஆட்டங்கள் நின்றிருந்தன. 1942இல் ராணுவம் அழைத்தது. எகிப்திலும் இத்தாலியிலும் பணியாற்றினார். லீக்கில் அவர் முதன்முதலாக ஆடியது 1946இல், 24 வயதில். பிறகு இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள், சர் பட்டம், மைதானத்துக்கு வெளியே சிலை. ஆடாத ஆண்டுகளையும் அவர் கணக்கில் வரவு வைத்துத்தான் ரசிகர்கள் அவரை அளக்கிறார்கள். "அந்த ஆறு வருஷம் மட்டும் கிடைத்திருந்தால்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். விடட்டும். அதே ஊரில் அதே மைதானத்தில் ஆடிய பெண்களுக்கு அந்தப் பெருமூச்சு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

போர் வந்தால் பெண்ணுக்கு ஆணை அனுப்பிவைக்கும் வேலைதான் என்று புறநானூறு நம்மைப் பழக்கியிருக்கிறது. முதல் உலகப்போரில் பிரஸ்டன் பெண்கள் அனுப்பிவிட்டு ஆலைக்குள் போனார்கள். டிக் கெர் ஆலை, முன்பு டிராம் வண்டிகள் செய்த இடம், அப்போது பீரங்கிக் குண்டு செய்தது. வேலை இடைவேளையில் பந்து உதைத்த பெண்கள் ஓர் அணியானார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, பிற்காலத்தில் ஃபின்னி ஆடிப் புகழ்பெற்ற அதே டீப்டேல் மைதானத்தில், 10,000 பேர் முன்னால் ஆடினார்கள். வசூல், காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது. போர் முடிந்தும் கூட்டம் குறையவில்லை. 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் பார்த்தார்கள். இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். அந்த அணியின் லில்லி பாருக்கு அப்போது 15 வயது.

ஓராண்டு கழியவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானித்தது. தன்னோடு இணைந்த எந்தக் கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்றது. வசூலில் செலவுக்கு அதிகம் போகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டு. ஆலையில் கூலி வாங்குகிற பெண், ஆடப் போனதால் இழந்த கூலிக்கு ஈடு வாங்கினால் அது ஊழல்! டிக்கெட் விற்றே வளர்ந்த கிளப்புகளின் சங்கம் சொன்னது இது. பெண்களின் உடம்பு தாங்காது என்ற கவலையும் அன்றைக்குத்தான் பிறந்தது. குண்டு ஆலைகளில் டி.என்.டி. வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாகிப்போனது. 'கனாரிக் குருவிகள்' என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. வெடிமருந்தைத் தாங்கிய உடம்பு பந்தைத் தாங்காதாம்.

போர்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று வகுப்பறைகளில் இன்னும் சொல்லித்தருகிறோம். போருக்கு நாம் நன்றி சொல்ல ஒன்றுமில்லை. கை தேவைப்பட்டது, கதவு திறந்தது. தேவை தீர்ந்தது, சாத்தினார்கள். ஃபின்னியின் ஆட்டத்தைப் போர் நிறுத்தியது, அமைதி திருப்பிக் கொடுத்தது. லில்லி பாரின் மைதானத்தைப் பறித்ததே அமைதிதான். தடை ஏறக்குறைய 50 ஆண்டு நீடித்தது. அது வந்து சரியாக நான்காம் மாதம் ஃபின்னி பிறந்தார். அவர் வளர்ந்து, போருக்குப் போய், திரும்பி, ஆடி, 1960இல் ஓய்வு பெற்ற பிறகும் தடை இருந்தது. பிரேசிலில் 1941இல் சட்டம் போட்டே தடுத்தார்கள், 1979வரை.

லில்லி பார் ஆடாமல் இருக்கவில்லை. மனநல மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த திடல்களில், 1951வரை ஆடினார். அப்போது வயது 46. 1978இல் இறந்தார். இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ்பெற்றோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது 2002இல்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தன்வினை, பிறவினை தெரியும். நின்றாள் தன்வினை, நிறுத்தினார்கள் பிறவினை. ஆணின் ஆட்டம் போனால் 'தடைப்பட்டது' என்கிறோம். குறுக்கே ஏதோ வந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். பெண்ணுக்கு 'விட்டுவிட்டாள்', 'நின்றுவிட்டாள்'. செய்தவர்கள் நழுவிப்போகிறார்கள், செய்யப்பட்டவள் எழுவாயாகிறாள். என் மாணவிகளே இப்படித்தான் பேசுகிறார்கள். "ஸ்கூல்ல கோகோ ஆடுவேன் மேடம், அப்பறம் நின்னுட்டேன்." நீயா நின்ன, நிப்பாட்டினாங்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வரும்: "பெரிய மனுசியானதும் அம்மாச்சி வேணாம்னுருச்சு."

பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்கிற உடற்கல்வி ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். தேசிய மகளிர் கால்பந்தில் மணிப்பூரை வென்று 2018இல் பட்டம் எடுத்தது தமிழ்நாட்டு அணி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்.சி. நமக்குப் பக்கத்து மதுரைதான். ஆர்வம் இருக்கிறது, விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டு ஆர்வத்தைத் தேடுகிறோம்.

எங்கள் பொட்டிப்புரத்தை வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ திட்டத்தால் தெரியும். மலைக்குள் துகள் தேட இடம் பார்த்த ஊரில், பெண்பிள்ளைகள் ஓட ஒரு திடலை யாரும் பார்க்கவில்லை. இருக்கிற பொட்டலில் சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஏலத்தோட்ட வேலை முடிந்து வருகிற ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் கடந்துபோகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களில் ஒருகாலத்தில் நன்றாக ஓடியவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், எட்டாவதோட நின்னுட்டேன் என்பார்கள்.