ரேஸ் கேமில் சுவருக்குள் புகுந்து ஜெயிச்சா... அது திறமையா, போங்காட்டமா?

ஷிஃப்ட் முடிந்து ஷூ கம்பெனி பஸ்கள் ஆம்பூரைவிட்டுக் கிளம்பும் சாயங்கால நேரம். டீக்கடை பெஞ்சில் நாலு பேர், நாலு போன், ஒரே ரேஸ். மூணு பேர் வளைவில் பிரேக் போட்டுத் திணற, நாலாவது ஆளோட கார் மட்டும் தடுப்புச் சுவருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் முதலாவதா வந்து நிற்குது.

"டேய், போங்காட்டம்டா இது!"

"கேமே விடுது, உனக்கென்னடா?"

வேலூர், வாணியம்பாடினு எந்த ஊர்லயும் நடக்கிற சண்டைதான். ஆனா, இனி இது வெறும் டீக்கடைச் சண்டை இல்லை. 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் கேம்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியின் இ-ஸ்போர்ட்ஸ் பட்டியலில் 'கிரான் டூரிஸ்மோ 7' என்ற கார் ரேஸ் கேமும் இருக்கிறது. பதக்கம், பரிசுனு வந்துட்டா, 'கேமே விடுது'ங்கிற பதில் போதுமா?

முதல்ல ஹேக் வேற, கிளிட்ச் வேற. 2021-ல் 'ட்ராக்மேனியா' கேமில் சில சாதனைகள், கேமின் வேகத்தையே குறைத்து ஓட்டியவைனு அம்பலமாச்சு. அது வெளியிலிருந்து செய்த மோசடி. கிளிட்ச் அப்படியில்லை. கேமை உருவாக்கியவங்க கவனிக்காம விட்ட ஓட்டை. பட்டனை அமுக்குறதும் டைமிங் பிடிக்கிறதும் நாமதான். அதுக்கும் பயிற்சி வேணும்.

'மாரியோ கார்ட் 64' கேமை நிண்டெண்டோ 1996-ல் வெளியிட்டது. அதில் 'வாரியோ ஸ்டேடியம்' ட்ராக்கில், ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்துச் சுவரைத் தாவினால் ட்ராக்கின் பெரும்பகுதியை ஓட்டவே வேணாம். ரசிகர்கள் என்ன செஞ்சாங்க? ஷார்ட்கட்டோட ஓட்டின நேரத்துக்கு ஒரு பட்டியல், ஷார்ட்கட் இல்லாம ஓட்டினதுக்கு இன்னொரு பட்டியல். பிரச்னை முடிஞ்சது.

ஆனா, 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' கதை வேற. பயிற்சியாளர்கள் பார்க்கக் கூடாத இடத்தையெல்லாம் பார்க்கவைக்கும் ஒரு பக் அதில் இருந்தது. 2020-ல் இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. அங்கேயும் 'கேமே விட்டது'தான். ஆனா, எதிரணிக்கு அது தெரியாது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

"அப்போ அஷ்வின்?"னு கேட்பீங்க. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூர் ஐ.பி.எல் மேட்ச்சில், பந்து வீசுறதுக்கு முன்னாடியே கிரீஸைவிட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை அவர் அவுட்டாக்கினப்போ பாதிப் பேர் திட்டினாங்க. ஆனா அது ஒளிஞ்சிருந்த ஓட்டை இல்லை, ரெண்டு டீமுக்கும் தெரிஞ்ச விதி. 2022-ல் எம்.சி.சி அதை 'நியாயமற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து 'ரன் அவுட்' பகுதிக்கே மாத்திடுச்சு.

ஆக, ஓட்டை இருக்கிறது பிரச்னை இல்லை. அது யாருக்கெல்லாம் தெரியும்ங்கிறதுதான் கேள்வி. டோர்னமென்ட் நடத்துறவங்க, எந்த கிளிட்ச் ஓகே, எது கூடாதுனு ரேஸுக்கு முன்னாடியே சொல்லிடணும். பல ஆன்லைன் கேம்களில், பக்கைப் பயன்படுத்தினா அக்கவுன்ட்டை முடக்கும் விதியும் இருக்கு. அந்த மாதிரி கேமில் 'தெரியாது'னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். தையல் விட்ட ஒரு ஜோடி, செக்கிங்கில் கண்ணில் படாம பெட்டிக்குள் போயிடலாம். அதனால அது நல்ல ஜோடி ஆகிடாது. போட்டு நடக்கிறவர் கால்தான் வலிக்கும். கேமிலும் அப்படித்தான். சிஸ்டம் கவனிக்கலைங்கிறதும், சரிங்கிறதும் ஒண்ணு இல்லை.

அடுத்த முறை ரேஸுக்கு முன்னாடி, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்டுகிட்ட, "மச்சான், அந்த வளைவுல சுவருக்குள்ள போகலாம், தெரியுமா?"னு சொல்லிப் பாருங்க. சொல்லிட்டும் ஜெயிச்சா, அது கெத்து. சொல்ல மனசு வரலைனா, அது ஏன்னு உங்களுக்கே தெரியும்.